பக்தியின் மெய்யும் பொய்யும்

புதுமைப்பித்தன் கதைகளை முன்வைத்து ஒரு சிந்தனை

பக்தி உள்ளத்தின் செயல். உடம்பின்மேல் தெரிவன அதன் அடையாளங்களே. நெற்றியில் துலங்கும் நீறும், கழுத்தில் அணிந்த மணியும், தோளில் ஏறிய காவடியும் உள்ளே அன்பு உண்டு என்பதற்குச் சான்றாகலாம். அன்பு இல்லாமையை மறைக்கும் திரையாகவும் ஆகலாம். எது சான்று, எது திரை என்று பக்கத்தில் நிற்பவனால் துணிந்து சொல்ல முடிவதில்லை. முடியாத இடத்தில் ஊர் வம்பு பேசுகிறது. புலவனோ கதை சொல்கிறான். அக்கதைகளில் பூதமும் தெய்வமும் கனவும் வந்து புகுவது வெறும் வியப்புச் சுவைக்காக அன்று. மனிதன் கண்ணுக்கு எட்டாத உள்ளத்தைக் காட்டுவதற்கு மனிதனுக்கு அப்பாற்பட்ட கண் ஒன்று தேவைப்படுகிறது. அக்கண்ணைப் புலவன் கற்பனையால் படைத்துக்கொள்கிறான்.

தமிழிலக்கியத்தில் இக்கண் எவ்வாறெல்லாம் பார்த்திருக்கிறது? அதன் பார்வை புதுமைப்பித்தன் கதைகளில் எங்கே வந்து நிற்கிறது? இவ்விரண்டையும் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். போலிப் பக்தியைச் சாடிய எழுத்தாளர் என்று அவரை ஒரே வரியில் அடக்கிவிடுவது நம் வழக்கமாகிவிட்டது. அவ்வொரு வரிக்குள் அவர் அடங்கவில்லை என்பது நம் கருத்து.

சதுக்கப் பூதம்

சிலப்பதிகாரத்தில் இந்திர விழாவைப் பாடும் இளங்கோவடிகள் புகார் நகரத்து ஐவகை மன்றங்களை வரிசைப்படுத்துகிறார். அவற்றுள் ஒன்று பூத சதுக்கம். நாற்சந்தியில் நிற்கும் பூதம் ஒன்று, கையில் பாசத்தோடு, நகரத்துக் குற்றவாளிகளைக் கட்டிப் புடைத்து உண்ணும். அது பிடிப்போரின் பட்டியல் கூர்ந்து நோக்கத்தக்கது. தவவேடத்தில் மறைந்து தீயொழுக்கம் ஒழுகுவோர், மறைவில் கற்புநெறி தவறும் பெண்டிர், அறைபோகும் அமைச்சர், பிறன்மனை நயப்போர், பொய்ச்சான்று சொல்வோர், புறங்கூறுவோர் என அறுவகையினர் அதன் பாசத்திற்கு உரியவர். கொலைஞனும் கொள்ளைக்காரனும் இப்பட்டியலில் இல்லை. அவர்களுக்கு அரசனுடைய காவலர் உண்டு. அரசன் கண்ணுக்கும் காவலர் கண்ணுக்கும் தப்பி, வெளியே ஒன்றும் உள்ளே வேறொன்றுமாக வாழ்வோருக்கே பூதம் வேண்டியிருந்தது. அப்பட்டியலின் முதலிடத்தில் தவவேடத்தார் நிற்பது தற்செயல் அன்று என்றே தோன்றுகிறது.

வள்ளுவர் இதே குற்றத்திற்குக் ‘கூடாவொழுக்கம்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் அவர் பூதத்தை அழைக்கவில்லை. வஞ்ச மனத்தான் உடம்பிலேயே உறையும் ஐம்பூதங்களும் அவனைக் கண்டு உள்ளுக்குள் நகைக்கும் என்றார். இளங்கோவின் பூதம் நாற்சந்தியில் நிற்கிறது. வள்ளுவரின் பூதங்கள் குற்றவாளிக்குள்ளேயே இருக்கின்றன. ஒன்று தண்டிக்கிறது, மற்றது சிரிக்கிறது. புதுமைப்பித்தன் இவ்விரண்டாம் மரபுக்கே பிள்ளை என்பதைப் பின்னர்க் காண்போம்.

சதுக்கப் பூதத்தின் கதை அத்துடன் முடியவில்லை. அடைக்கலக் காதையில் மாடலன் மற்றொரு செய்தி சொல்கிறான். கற்புடைய ஒருத்தியின்மேல் அவள் கணவனிடம் பொய்க்கரி கூறிய ஒருவனைப் பூதம் பற்றுகிறது. அவன் தாயின் துயரம் கண்ட கோவலன் பாசத்துள் தானே புகுந்து, இவன் உயிருக்கு ஈடாக என்னுயிரைக் கொள்க என்று வேண்டுகிறான். தீயோன் உயிருக்காக நல்லோன் உயிரைக் கொள்ளும் முறை இல்லை என்று மறுத்துப் பூதம் தன் கடமையை முடிக்கிறது. அதன்பின் அவன் சுற்றத்தாரைக் கோவலன் பல ஆண்டுகள் காத்தான் என்கிறது காப்பியம். பொய்யைக் கண்டுபிடிக்கும் ஆற்றல் பூதத்திற்கு உண்டு. பொய்யனுக்கும் தாய் உண்டு என்று காணும் ஆற்றல் கோவலனுக்கே இருந்தது. பொய்ம்மையைப் பற்றிய இலக்கியம் வெறும் தண்டனை இலக்கியமாக நின்றுவிடலாகாது என்பதற்கு இதனினும் பழைய சான்று வேண்டுவதில்லை.

நின்றவூரும் கோவலூரும்

பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார், இவ்விஷயத்தின் இரு முனைகளையும் இரு வரலாறுகளில் வைத்தார். திருநின்றவூர்ப் பூசலார் பொருளின்மையால் மனத்துக்குள்ளேயே கல்லும் மரமும் சேர்த்து, தச்சரை அழைத்து, நாள் குறித்து, சிவபெருமானுக்கு ஒரு கோயில் எழுப்புகிறார். அதே நாளில் காஞ்சியில் காடவர்கோன் கட்டிய கற்கோயிலுக்கும் குடமுழுக்குக் குறிக்கப்பட்டிருக்கிறது. இறைவன் மன்னன் கனவில் தோன்றி, நாளை மாற்றிக்கொள்ளுமாறு பணிக்கிறார். நின்றவூர் வந்த மன்னன் கண்ணுக்குக் கோயில் எதுவும் தென்படவில்லை. உண்மை அறிந்ததும் அவ்வேழையின் காலில் விழுகிறான்.

இதில் மன்னன் போலியல்லன் என்பது கருதத்தக்கது. அவன் பக்தியும் மெய்யே; அவன் கோயிலும் மெய்யே. சேக்கிழார் மெய்யைப் பொய்யோடு நிறுத்தி ஒப்பிடவில்லை. கண்ணுக்குத் தெரியும் மெய்யைக் கண்ணுக்குத் தெரியாத மெய்யோடு நிறுத்தி ஒப்பிடுகிறார். தெரியாததைத் தெரிவிக்கவே கனவு வருகிறது.

மற்றொரு முனை திருக்கோவலூர் மெய்ப்பொருள் நாயனார் வரலாறு. போரில் தோற்ற முத்தநாதன் மேனியெல்லாம் நீறு பூசி, சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்து, அடியவர் வேடத்தில் வந்து அரசரைக் குத்திவிடுகிறான். சாகும் நிலையிலும் அவ்வேடத்திற்குக் குறை நேராதபடி, அவனைப் பாதுகாப்பாக ஊரெல்லை கடத்திவிடுமாறு அரசர் தத்தனுக்கு ஆணையிடுகிறார். வேடம் பொய்யாக இருக்கலாம். அதனை வணங்கியவன் அன்பு அதனால் பொய்யாகிவிடாது என்பது இவ்வரலாற்றின் முடிவு. இங்கே சதுக்கப் பூதம் வந்திருந்தால் முத்தநாதன் பிழைத்திருக்கமாட்டான். மெய்ப்பொருளாரின் பெருமையும் வெளிப்பட்டிராது.

ஆக, போலியைப் பற்றிப் பேசிய நம் முன்னோர் மூன்று வழி கண்டனர். போலியைத் தண்டித்தல் ஒன்று. மறைந்து நிற்கும் மெய்யை வெளிப்படுத்தல் ஒன்று. போலியின் முன்னும் மெய் தன் நிலை திரியாதிருத்தல் ஒன்று. இம்மூன்றிலும் தெய்வத்தின் தீர்ப்பு ஐயத்துக்கு இடமில்லாதது. தெய்வம் அறியும், கதை அதைச் சொல்லும், படிப்பவர் ஏற்பர்.

சிற்பி கண்ட நரகம்

இருபதாம் நூற்றாண்டில் இத்தீர்ப்பு மேடை சரிந்துவிட்டது. பத்திரிகைக் கதை படிக்கும் வாசகனிடம், ‘இறைவன் கனவில் வந்து சொன்னார்’ என்று ஆசிரியர் எழுதினால், ‘யார் கண்டது?’ என்று அவன் கேட்பான். ஆயினும் உள்ளத்தைப் பார்க்கும் கண் ஒன்று கதைக்கு வேண்டியே இருந்தது. இவ்விடர்ப்பாட்டின் நடுவே எழுதியவர் சொ. விருத்தாசலம் என்னும் புதுமைப்பித்தன். 1906இல் பிறந்து 1948இல், நாற்பத்திரண்டு வயதில் மறைந்த அவர், ‘காலனும் கிழவியும்’ கதையில் எமனை ஒரு கிழவி முன் திகைக்க வைத்தார், ‘சாப விமோசன’த்தில் அகலிகையை மீண்டும் கல்லாக்கினார், வேதாளத்தையும் கதைக்குள் இழுத்தார். பழைய தெய்வங்களும் பேய்களும் அவரிடம் வேலையிழக்கவில்லை. வேலை மாற்றம் பெற்றன.

1935இல் ‘மணிக்கொடி’யில் வெளிவந்த ‘சிற்பியின் நரகம்’ பூம்புகார்த் துறைமுகத்தில் நடக்கிறது. இளங்கோவின் பூதம் நின்ற அதே நகரம் அது. சாத்தன் என்னும் சிற்பி ஆடும் பெருமானுடைய உருவம் ஒன்றை வடிக்கிறான். அவன் வாழ்நாள் உழைப்பு அதில் அடங்கியிருக்கிறது. அது அரசன் கோயிலுக்குரியது என்பதில் அவனுக்குப் பெருமை. அவன் நண்பனான பைலார்க்கஸ் என்னும் யவனனுக்கோ அச்சிலை கோயிலுக்குப் போவதில் உடன்பாடில்லை. நம்பிக்கையற்றவன் பேச்சு என்று சாத்தன் அதனைத் தள்ளிவிடுகிறான்.

பின்னர்க் கனவு வருகிறது. கருவறையில் சிலை நிற்கிறது. மக்கள் கூட்டம் கூட்டமாக வருகின்றனர். ஒவ்வொருவர் வாயிலும் ஒரே வேண்டுகோள்: தனக்கு வீடுபேறு வேண்டும் என்பது. ஒருவராவது சிலையை ஏறிட்டுப் பார்க்கவில்லை. நாட்கள் போகின்றன, ஆண்டுகள் போகின்றன, கூட்டம் குறையவில்லை, பார்ப்பவரும் இல்லை. பொறுக்க மாட்டாத சாத்தன் தன் கையால் வடித்த சிலையைத் தானே உடைக்க முனைகிறான்.

இக்கதையைக் கலைக்கும் சமயத்திற்கும் நிகழ்ந்த வழக்காகப் படிப்பது பொதுவழக்கு. அது தவறன்று, ஆயினும் அது பாதியே. அக்கூட்டத்தை மற்றுமொரு முறை பாருங்கள். அவர்களில் யார் வேடதாரி? யார் கையில் முத்தநாதனின் கத்தி இருக்கிறது? ஒருவரிடமும் இல்லை. அவர்கள் யாரையும் ஏமாற்ற வரவில்லை. வீடுபேறு வேண்டும் என்பதை மனமாரவே கேட்கின்றனர். சதுக்கப் பூதம் அங்கு வந்திருந்தால் பிடிப்பதற்கு ஒருவரும் இல்லாமல் வெறுங்கையோடு திரும்பியிருக்கும். அதுதான் அந்நரகத்தின் கொடுமை. வேண்டுகோளில் பொய் இல்லை. எனினும் அங்கே பக்தியும் இல்லை. கேட்கப்படுபவன் முகத்தைக் காணாமலே கேட்டுக்கொண்டிருக்கும் கூட்டம் அது.

இங்கே புதுமைப்பித்தன் புதிய வேற்றுமை ஒன்றை நமக்குக் கற்பிக்கிறார். ஆசையில் உண்மையாக இருத்தல் வேறு. அன்பில் உண்மையாக இருத்தல் வேறு. தனக்கு ஒன்று வேண்டும் என்பதில் பச்சைக் குழந்தையைப் போலக் கள்ளமற்றிருப்பவனும், தெய்வத்திடம் போலியாக நிற்க முடியும். முன்னைப் புலவர்கள் அஞ்சியது பிறரை ஏமாற்றும் போலியை. இவர் அஞ்சியது, தன்னைப் போலி என்று தானே அறியாத போலியை. அதனைப் பிடிக்கப் பாசமேந்திய பூதத்தால் ஆகாது, கனவால்தான் ஆகும்.

காப்பியும் சிக்கரியும்

எட்டாண்டுகள் கழித்து, 1943இல் ‘கலைமக’ளில் வெளிவந்த ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கனவும் இல்லை. கடவுளே சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் சந்திக்கும் மூலைக்கு வந்துவிடுகிறார். வீட்டுக்கு எவ்வாறு போவது என்று காசுக் கணக்குப் பார்த்து நிற்கும் நாற்பத்தைந்து வயதுச் சித்த வைத்தியப் பத்திரிகைக்காரரிடம், திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். இருவரும் காப்பி குடிக்கப் போகின்றனர்.

அக்காப்பிக் கடைப் பேச்சில் கதையின் சாவி இருக்கிறது. காப்பியின் சுவையில் கடவுள் மகிழ, அது ஓட்டல்காரன் கலந்த சிக்கரியின் வேலை என்கிறார் பிள்ளை. சிக்கரி என்றால் என்ன என்று கடவுள் கேட்கிறார். காப்பியைப் போலவே இருக்கும், ஆனால் காப்பி அன்று. தெய்வத்தின் பெயர் சொல்லி ஊரை ஏய்ப்பவர் சிலர் இருப்பதுபோல என்று விளக்கம் வருகிறது. தெய்வம் என்ற சொல் கேட்டதும் கடவுள் திடுக்கிடுகிறார். பழைய உரையாசிரியர்கள் உவமையின் பொருத்தம் ஆராய்வது போல இதனை ஆராய்ந்தால் ஆசிரியரின் குறும்பு விளங்கும். போலியைச் சுட்ட வந்த உவமையில், போலியைக் குடித்து மகிழ்ந்தவர் கடவுளே! போலிக்கும் மெய்க்கும் வேறுபாடு அவருக்கே நாவில் தெரியவில்லை. அனைத்தும் அறிந்த பழைய தீர்ப்பாளர் இங்கே இல்லை. அறிவிக்க ஒரு கந்தசாமிப் பிள்ளை தேவைப்படுகிறார்.

தாம் கடவுள் என்பதை அவர் வெளிப்படுத்திய பிறகு நடப்பது இன்னும் சுவையானது. வரம் கொடுக்கும் வழக்கத்தைப் பிள்ளை ஏற்பதில்லை. வரத்தைக் கொடுத்துவிட்டு அவர் மறைந்துவிடுவார். பின்னால் வேறொரு தெய்வம் வந்து தலையைக் கேட்கும். புராணங்கள் படித்த அனுபவம் பிள்ளைக்கு இருக்கிறது. வீட்டில் விருந்தினராக எத்தனை நாளும் தங்கலாம்; ஆனால் தாம் கடவுள் என்று மட்டும் வெளியில் சொல்லிக்கொள்ள வேண்டாம் என்கிறார். கடவுளைப் பித்தன் என்று பிறர் நினைப்பதுகூடப் பெரிதன்று. தம்மை மனைவி அவ்வாறு நினைத்துவிடக் கூடாது என்பதே அவருடைய கவலை.

சாத்தன் கண்ட கூட்டத்தையும் இம்மனிதரையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். கூட்டம் கேட்டது, ஆனால் பார்க்கவில்லை. பிள்ளை பார்க்கிறார், வரம் கேட்கவில்லை. வணங்கவும் இல்லை. வழி சொல்கிறார்; காப்பிக் கடைக்கு அழைத்துப் போகிறார்; வாடகை வீட்டில் இடம் தருகிறார். அவர் கேட்கும் ஒன்றே ஒன்று, தம் பத்திரிகைக்கு இருபத்தைந்து ரூபாய் ஜீவிய சந்தா. அதுவும் வியாபாரம்தானே என்று வினவலாம். ஆம், வியாபாரமே. ஆனால் வியாபாரம் என்ற பெயரிலேயே நடக்கும் வியாபாரம். விலை வெளிப்படையாகச் சொல்லப்பட்ட வியாபாரம். பக்தி என்ற பெயரில் நடக்கும் வியாபாரத்திற்கும் இதற்கும் உள்ள தூரமே காப்பிக்கும் சிக்கரிக்கும் உள்ள தூரம்.

இக்கதையில் கடவுளை எவ்விதக் கணக்கும் இன்றி ஏற்றுக்கொள்பவள் ஒருத்தி உண்டு. அவள் பிள்ளையின் சிறுபெண் வள்ளி. அவளுக்கு அவர் தாத்தா. விளையாடத் துணை. பக்தி என்ற சொல்லை அவள் கேட்டிருக்கமாட்டாள். பூசலார் மனத்தில் கட்டிய கோயிலுக்கு இக்கதையில் ஈடு ஒன்று உண்டானால், அது அச்சிறுமி தாத்தாவோடு விளையாடும் அந்த இடமே. ஆசிரியர் அதை எங்கும் பறைசாற்றவில்லை; அதுவே அவர் கலைத்திறன்.

ஆடற்கலை அறிந்த புரவலர்

கடவுளும் தேவியும் பிழைப்புக்காக நடனமாட முன்வருவதும், கலைப் புரவலராகிய ஒரு திவான் பகதூர் அவர்களைச் சோதித்து ஒதுக்கிவிடுவதும் கதையின் மற்றொரு பகுதி. ஆடல்வல்லான் தானே ஆடிக் காட்டுகிறான். புலித்தோலும் பாம்பும் உண்மையானவை. புரவலர் அஞ்சி, முதலில் பாம்புகளைப் பத்திரப்படுத்தச் சொல்கிறார். சிலையாகவும் படமாகவும் இருந்தவரை அவருக்கு உவப்பாயிருந்தது, உயிரோடு வந்ததும் ஒவ்வாததாகிவிட்டது.

இப்பகுதி மிகைச் சித்திரம் என்னும் குற்றச்சாட்டை நாம் முழுதும் மறுப்பதற்கில்லை. திவான் பகதூர் எளிதில் வீழ்த்தக்க இலக்கு. அவரைக் கண்டு நகைக்கும் வாசகன், தான் அவரல்லன் என்ற நிம்மதியோடு தாளைப் புரட்டிவிடலாம். சாத்தனின் கனவில் அந்நிம்மதிக்கு இடமில்லை. அக்கூட்டத்தில் நாமும் நிற்கிறோமோ என்ற ஐயம் நம்மை விடுவதில்லை. அவ்வகையில் ‘சிற்பியின் நரகம்’ ஆழம் மிகுந்தது. ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ அகலம் மிகுந்தது.

ஆனால் பின்னைய கதையின் முடிவு அவ்வாழத்தை ஓரளவு ஈடு செய்துவிடுகிறது. மனிதரிடமிருந்து எட்டி நின்று வரம் தரத் தம்மால் இயலும், கூடி வாழ இயலாது என்று கடவுள் ஒப்புக்கொள்கிறார். உங்கள் இனமே அப்படித்தான் என்று பிள்ளை விடையிறுக்கிறார். சந்தாத் தொகையை வைத்துவிட்டுக் கடவுள் மறைகிறார். பிள்ளை அதனை முறையாகக் கணக்கில் வரவு எழுதுகிறார். யார் தோற்றார்? மனிதன் கடவுளின் அண்மையைத் தாங்கவில்லையா, கடவுள் மனிதனின் அண்மையைத் தாங்கவில்லையா? தீர்ப்புச் சொல்லவேண்டிய தெய்வமே வழக்கில் ஒரு கட்சியாக நிற்கிறது. கணக்குப் புத்தகம் மட்டும் பொய் சொல்லாமல் இருக்கிறது.

அயல்நாட்டு ஒப்புமை

பிறமொழிகளிலும் இவ்வழி சென்றவர் உளர். அமெரிக்க எழுத்தாளர் ஹாத்தார்ன் 1835இல் எழுதிய ‘யங் குட்மேன் பிரௌன்’ என்னும் கதையில், இளைஞன் ஒருவன் இரவில் காட்டுக்குள் போகிறான். சாத்தான் கூட்டிய சபையில், தன் ஊரின் பக்திமான்கள் யாவரும் அமர்ந்திருக்கக் காண்கிறான். கண்டது கனவோ நனவோ தெரியாது. ஆனால் மறுநாள் முதல் அவனால் எவரையும் நம்ப இயலவில்லை. மனைவியையும் நேசிக்க இயலவில்லை. இருண்ட மனிதனாகவே வாழ்ந்து சாகிறான். போலியைத் தேடிச் சென்ற கண் இறுதியில் மெய்யைக் காணும் ஆற்றலையே இழந்துவிட்டது. இது சதுக்கப் பூதத்தின் தொழிலை மனிதன் கையிலெடுத்ததால் வந்த கேடு.

ரஷ்ய எழுத்தாளராகிய தாஸ்தயேவ்ஸ்கியின் ‘கரமசோவ் சகோதரர்கள்’ 1880இல் நிறைவுற்றது. அதில் வரும் ஒரு கிளைக்கதையில், கிறிஸ்து ஸ்பெயின் நாட்டுச் செவில் நகருக்கு மீண்டும் வருகிறார். அவர் பெயரால் ஆட்சி நடத்தும் முதிய சமயத் தலைவர் அவரைச் சிறையிலிட்டு, இனி வரவேண்டாம் என்கிறார். தெய்வம் நேரில் வந்தால் அதன் பெயரால் நிற்கும் நிறுவனம் என்ன செய்யும் என்பதே அங்கும் கேள்வி. தாஸ்தயேவ்ஸ்கி அதனைச் சிறைக்கூடத்தில் வைத்தார். புதுமைப்பித்தன் காப்பிக் கடையிலும் வாடகை வீட்டிலும் வைத்தார். சிறையில் நிற்பவர் சமயத் தலைவர். அவரை நாம் வெறுக்கலாம். காப்பிக் கடையில் உட்கார்ந்திருப்பவர் நம்மைப் போன்ற ஒருவர்; அவரை வெறுக்க முடியவில்லை. நகைச்சுவையின் வலிமை அதுவே.

நம் வகுப்பறைக்கு என்ன?

புதுமைப்பித்தன் இந்நாட்டுக்குப் புதியவர் அல்லர். 1951, 1952ஆம் ஆண்டுகளில் மலாயா, சிங்கப்பூர்த் தமிழ் ஏடுகளில் அவரைப் பற்றிச் சூடான இலக்கியச் சர்ச்சை ஒன்று நடந்தது. அக்கட்டுரைகளைப் பின்னாளில் பாலபாஸ்கரன் நூலாகத் தொகுத்தளித்தார். அவர்மேல் பெருமதிப்புக் கொண்டிருந்த கு. அழகிரிசாமி, அதே ஐம்பதுகளில் கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ இதழில் பணியாற்றி, இங்குள்ள இளம் எழுத்தாளர்களுக்கு வழிகாட்டினார். அன்று தொடங்கிய வாதம் முடிந்துபோனதாக நாம் கருதவேண்டியதில்லை. நாத்திகர் அவர் கதையைத் தம் பக்கச் சான்றாகக் காட்டுவதும், பக்தர் அதனைத் தெய்வ நிந்தனையாகக் கருதுவதும் இன்னும் எழக்கூடியனவே. இரு சாராரும் கதையின் ஒரு பகுதியை மறந்துவிடுகின்றனர். கடவுளை ஏளனம் செய்வதே நோக்கமானால், வள்ளியின் தாத்தாவாக அவரை அத்துணை அன்போடு ஆசிரியர் படைத்திருக்கவேண்டியதில்லை. கடவுளைப் போற்றுவதே நோக்கமானால், அவரைச் சந்தா கட்டித் தப்பிச் செல்பவராகக் காட்டியிருக்கவேண்டியதில்லை. அவர் ஆராய்ந்தது கடவுள் உண்டா இல்லையா என்பதை அன்று. உண்டு என்று சொல்வோர் அவரோடு ஒருநாள் வாழ்ந்து பார்ப்பார்களா என்பதை.

இக்கேள்வி நம் நாட்டில் ஏட்டளவில் நிற்பதன்று. தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலைக்குச் செல்லும் கூட்டத்தையும், இரதம் செல்லும் வழியில் குவியல் குவியலாக உடைபடும் தேங்காய்களையும் காண்போர், இதில் எவ்வளவு பக்தி, எவ்வளவு பகட்டு என்று பேசாதிருப்பதில்லை. அப்பேச்சில் நாமும் கலந்துகொள்கிறோம். காவடி எடுத்தவன் வேண்டுதலின் பின்னே நோயுற்ற தாய் இருக்கிறாளா, புகைப்படக் கருவி இருக்கிறதா என்பதை வழியில் நின்று பார்க்கும் நாம் எவ்வாறு அறிவோம்? அளவற்ற செலவையும் ஆரவாரத்தையும் கண்டிப்பது பொதுநலம் கருதிய செயல், அது வேண்டற்பாலது. ஒரு தனி மனிதன் உள்ளத்திற்குத் தீர்ப்பெழுதுவது வேறு. அது பூதத்தின் தொழில்.

செபராங் பிறையில், தாசேக் கெலுகோர் போன்ற ஊர்களைச் சூழ்ந்த தோட்டப்புறங்களில் வாழ்ந்த நம் முன்னோரையும் இங்கு நினைத்தல் தகும். ஆகமமும் சிற்ப நூலும் அறியாத தொழிலாளர் மரத்தடியில் ஒரு கல்லையோ சூலத்தையோ நட்டு, முனியாண்டி என்றும் மாரியம்மன் என்றும் கும்பிட்டனர். பால்மரம் வெட்டப் போகுமுன் அங்கே ஒரு கணம் நின்றனர். அக்கல்லுக்கு அழகு இல்லை. அதற்கு முன் நின்றவனுக்கு அது யாரென்று ஐயமும் இல்லை. சாத்தனின் சிலை பேரழகுடையது. அதைப் பார்த்தவர் இல்லை. பூசலார் வரலாற்றை இம்மண்ணில் விளக்க விரும்பும் ஆசிரியர் காஞ்சிக்கும் நின்றவூருக்கும் மட்டும் போகவேண்டியதில்லை.

எனவே, இக்கதைகளை வகுப்பில் எடுத்துரைக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். ‘இக்கதை போலிப் பக்தியைச் சாடுகிறது’ என்ற ஒரு வரி விடை மதிப்பெண் தரலாம். ஆனால் அவ்விடையை எழுதும் மாணவன், போலி என்பவன் எப்போதும் பிறன் என்று கற்றுக்கொண்டு வெளியேறுகிறான். பதினைந்து வயதிலேயே கையில் பாசமேந்தி நாற்சந்தியில் நின்றுவிடுகிறான். அவனிடம் வேறு வினாக்களைக் கேட்டுப் பாருங்கள். சாத்தனின் கனவில் வந்த கூட்டத்தார் பொய்யர்களா? பொய்யர்கள் அல்லரெனின் அவர்களிடம் குறைந்தது என்ன? வரத்தை மறுத்துச் சந்தாவைக் கேட்ட பிள்ளையை எவ்வாறு மதிப்பாய்? வள்ளி கடவுளுக்கு என்ன தந்தாள்? இவ்வினாக்களுக்கு ஒரே விடை இல்லை. ஆனால் எவ்விடை எழுதினாலும் மாணவன் தன்னையும் சற்றுத் திரும்பிப் பார்த்துக்கொள்ள நேரும்.

புகார் நகரத்துப் பூதம் பொய்யனைப் பிடித்து உண்டது. நின்றவூரில் இறைவன் மெய்யனை ஊரறியச் செய்தார். புதுமைப்பித்தனின் கடவுளோ எவரையும் பிடிக்கவில்லை, எவரையும் உயர்த்தவில்லை, வந்து ஒரு காப்பி குடித்துவிட்டு, சில நாள் தங்கிவிட்டுப் போனார். அவர் வந்துபோன அளவிலேயே அவரவர் பக்தி இன்னதென்று அவரவருக்கு விளங்கிவிட்டது. கேட்பதற்கு முன்னே நிமிர்ந்து பார்த்தோமா என்பதே அவர் விட்டுச் சென்ற வினா. அவ்வினாவைப் பிறரிடம் கேட்க நமக்கு உரிமையில்லை. நம்மிடம் கேட்டுக்கொள்ளத் தடையுமில்லை.